பத்தியக் கறிக்கு ஆள் தேவை

ஜெயதீபன் தன் முதலாளி பரமேஸ்வரனுக்குக் கொடுக்கவேண்டிய கடன் நாலாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து டொலர். சிட்னியின் பரமட்டாவில், விசா அலுவல் பார்க்கும் ராதாவின் ஒஃபிஸில், பரமேஸ்வரன் தன் வங்கி அட்டையை மெஷினில் தொட்டெடுத்த நேரத்தில் அந்தக் கடன் பிறந்தது. மெஷின் கீக் என்றது.

"விசா ஃபீஸ், மெடிக்கல், பேப்பர் எல்லாம் சேர்த்து," என்றார் ராதா. அவர் மதுரைக்காரர். "உங்க மனைவி யோகா பேர்ல ஃபைல் ஓப்பன் பண்ணியாச்சு. ஆனா ஒண்ணு சார். இந்தச் சமையல் வேலைக்கு உள்ளூர்ல ஆள் கிடைக்கலன்னு முதல்ல காட்டணும். நாலு வாரம் விளம்பரம் போடணும்."

"ஆள் கிடைச்சிட்டா?" என்று பரமேஸ்வரன் கேட்டார்.

"கிடைச்சா அவரை வச்சுக்குங்க. யோகா வர முடியாது."

ஜெயதீபன் அட்டையைப் பார்த்தான். அது முதலாளியின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

டூங்கபியில் பரமேஸ்வரனின் சாப்பாட்டுக் கடையில் சமைக்க ஆள் இல்லாமல் போன கதை லண்டனில் தொடங்கியது. பரமேஸ்வரனின் தம்பி அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறவேண்டும் என்று வோட்டுப் போட்டவர். ஐரோப்பாக்காரர் வருவது நின்றால் எங்கட சனத்துக்கு வழி திறக்கும் என்பது அவருடைய கணக்கு. நாடு வெளியேறியது. அவர் கடையில் கோப்பை கழுவிய போலந்துப் பெடியனும் வெளியேறினான். மரக்கறி வெட்டிய ருமேனியாக்காரியும் வெளியேறினாள். தானே கழுவி, தானே வெட்டி, இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு தம்பி சிட்னிக்குப் போன் எடுத்தார். அண்ணனுக்கு அல்ல, அண்ணனின் சமையல்காரன் கஜீவனுக்கு. கஜீவன் லண்டனுக்குப் போய்விட்டான்.

"ஐரோப்பாவை விட்டிட்டுப் போனது அவங்கள். ஆள் குறைஞ்சது எனக்கு," என்று பரமேஸ்வரன் கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொன்னார்.

ஜெயதீபன் அந்தக் கடையில் வெங்காயம் உரிப்பான், சட்டி கழுவுவான், அரிசி மூட்டை இறக்குவான். படகில் வந்து பன்னிரண்டு வருடம். அவன் விசா ஆறாறு மாதமாக நீளும். வேலை செய்யலாம். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரமுடியாது. மனைவியைக் கூப்பிடவும் முடியாது. கலியாணம் முடித்து எட்டாம் மாதம் படகேறினவன். யோகா திருகோணமலையில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறாள். சமையலுக்கு அரசாங்கச் சான்றிதழ் வைத்திருக்கிறாள்.

கஜீவன் போன அன்று ஜெயதீபன் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணை, என்ர மனிசி சமையல்காரி," என்றான். அந்தக் கடையில் அவனாக வாய் திறந்து கேட்ட முதல் உதவி அதுதான்.

விளம்பரம் எழுதும் வேலை பரமேஸ்வரனின் மகள் நிவேதிகாவுக்கு வந்தது. யூனிவர்சிட்டிப் பிள்ளை. கதிரையில் காலை மடித்து இருந்து கணினியில் தட்டினாள்.

"ஒருத்தருக்கும் தெரியாத சமையலாய்ப் போடு," என்றார் பரமேஸ்வரன்.

"இடியப்பம்?"

"அதை இப்ப மெஷின் புழியுது."

"கணவாய்க் கறி?"

"யூடியூப்பிலை கிடக்கு. பத்துப் பேர் வருவாங்கள்."

ஜெயதீபன் யோகாவுக்குப் போன் எடுத்தான். "உமக்கு மட்டும் தெரிஞ்ச கறி என்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அக்காமார் நாலு பேருக்கும் பிள்ளைப்பேறு பார்த்தது நான்தானே. என்ர பத்தியக் கறி மாதிரி வராது எண்டு இப்பவும் சொல்லுவினம்."

பரமேஸ்வரன் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். "அதுதான். பிள்ளை பெத்தவைக்குப் பத்தியச் சரக்குக் கறி வைக்கத் தெரியவேணும் எண்டு போடு. உலகத்திலை எந்தச் செஃப் அதைப் படிச்சவன்?"

நிவேதிகா ஆங்கிலத்தில் போட்டாள். தமிழிலும் எழுதிக் கடையின் ஃபேஸ்புக்கில் போட்டாள்.

மூன்றாம் நாள் கடைவாசலில் வரிசை நின்றது. ஒருவரும் வேலை கேட்டு வரவில்லை. நித்திரை இல்லாத கண்ணும், தோளில் பால் கக்கிய துவாயுமாக இளம் அப்பாமார் நின்றார்கள்.

"அண்ணை, பத்தியக் கறி இருக்கோ?"

"அது வேலை விளம்பரம் தம்பி."

"மாமிக்கு விசா குடுக்கேல்லை அண்ணை. வந்தால் திரும்பிப் போகமாட்டா எண்டு எழுதிப்போட்டாங்கள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். எனக்கு முட்டை பொரிக்கத்தான் தெரியும். மனிசி அழுறா."

அவனுக்குப் பின்னால் நின்றவனின் மாமிக்கும் விசா கிடைக்கவில்லை. அதற்குப் பின்னால் நின்றவர் பாலா அங்கிள். எண்பத்தொன்பதில் வந்தவர். கடையில் செய்தி ஓடினால், "நாடு நிரம்பிப் போச்சு, கதவைச் சாத்தவேணும்," என்று தொலைக்காட்சிக்கே சொல்லிக் கொடுப்பவர்.

"நீங்களும் பத்தியக் கறிக்கோ அங்கிள்?"

"மருமகளுக்கு. அவளின்ர தாய்க்கு விசா இல்லையாம். ஒரு மனிசி பேரப்பிள்ளையைத் தூக்க வாறதிலை இவங்களுக்கு என்ன நட்டம்?"

"நீங்கள்தானே கதவைச் சாத்தச் சொன்னனீங்கள்."

"நான் பொதுவாச் சொன்னது," என்றார் பாலா அங்கிள்.

பரமேஸ்வரன் வரிசையை எண்ணினார். இரக்கமும் வியாபாரமும் அவர் முகத்தில் ஒன்றையொன்று தள்ளின. "நாளைக்கு வாங்கோ. ஒரு சாப்பாடு பதினெட்டு டொலர்."

"ஆர் அண்ணை சமைக்கிறது?" என்றான் ஜெயதீபன்.

"உன்ர மனிசிக்குப் போனை எடு."

மார்ச் ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு ஜெயதீபன் போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மிளகாய்த்தூள் டின்னில் சாய்த்து வைத்தான். திருகோணமலையில் அப்போது விடியற்காலை நாலரை மணி. யோகா தலையை அள்ளி முடிந்துகொண்டு திரையில் வந்தாள்.

"மல்லியை வறுங்கோ. பிறகு மிளகு, சீரகம், வேர்க்கொம்பு. போனைக் கிட்டப் பிடியுங்கோ, நிறம் தெரியேல்லை."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். வாசம் வருதோ?"

"வருது."

"எனக்கு வரேல்லை," என்றாள்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். முதல் சட்டி மல்லி கருகியது.

பன்னிரண்டு வருடமாக அவர்கள் போனில் பேசியது பத்து நிமிடப் பேச்சு. சாப்பிட்டீரோ, சாப்பிட்டன், அங்கை மழையோ, இல்லை, சரி வைக்கட்டே. இப்போது நாளுக்கு இரண்டு மணித்தியாலம். உப்புக்குச் சண்டை, நெருப்புக்குச் சண்டை. சேர்ந்து வாழ்ந்த எட்டு மாதத்தில் அவன் குசினிக்குள் போனதே இல்லை. அவள் இடக்கையால் கிளறுவாள் என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் கரண்டியை வாயில் வைத்துப் பதம் பார்க்கும்போது அந்தப் பக்கம் அவள் வாயும் அசையும். கறியில் குறை இல்லாத நாளிலும், "எதுக்கும் இன்னொருக்காப் பாருங்கோ," என்பாள். அவனும் பார்ப்பான்.

ராதாவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. கடைக்குப் போன் எடுத்தார்.

"வியாபாரம் நடக்குறது நல்லதுதான் சார். ஆனா ஜெயதீபன் சமைக்கிறார்னு தெரிஞ்சா, வேலையே காலியா இல்லைன்னு எழுதிடுவாங்க. கவனமா இருங்க. பொய்யும் சொல்லிடாதீங்க."

"உண்மையும் சொல்லக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. வாயை வாடகைக்கு விடவோ?" என்றார் பரமேஸ்வரன்.

ஜெயதீபன் இரவு முழுக்க யோசித்துவிட்டு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். தான் சமைக்காமல் விட்டால் சரி. அடுத்த நாளிலிருந்து அவன் தானாக ஒன்றும் செய்யவில்லை. உப்பை அவள் போடச் சொன்னால் போடுவான். சொல்லும்வரை மூடியைத் திறக்கமாட்டான்.

"கறி பொங்கி வழியுது, கண் தெரியேல்லையோ?" என்றாள் யோகா.

"தெரியுது. நீர் சொல்லவேணும்."

"அடுப்பைக் குறையுங்கோ."

"சரி."

"இதுக்கும் நான் வாயைத் திறக்கவேணுமோ?"

"சட்டப்படி ஓம்."

விளம்பரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது பிரதீப்குமார் வந்தான். கோயம்புத்தூர். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவன். சிட்னி நகருக்குள் பெரிய ஹோட்டலில் ஆறு வருடம் செஃப். வீடு இரண்டு தெரு தள்ளி.

"பத்தியக் கறிதானுங்களே?" என்றான். "எங்கூர்லயும் வைப்பாங்க. எங்கக்காவுக்கு நானே வச்சிருக்கேன்."

பரமேஸ்வரன் கதிரையைப் பிடித்துக்கொண்டார். ஒழுங்காகச் சமைத்துக் காட்ட இடம் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்று ராதா சொல்லியிருந்தார்.

ஜெயதீபன் அவனுக்கு அடி தேய்ந்த சட்டியைக் கொடுத்தான். மொட்டைக் கத்தியைக் கொடுத்தான். எல்லா அடுப்பிலும் மோசமான, காற்றுக்கு அணைகிற மூலை அடுப்பைக் காட்டினான். பிரதீப்குமார் கத்தியைச் சட்டியின் அடியில் இரண்டு இழுப்பு இழுத்துத் தீட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினான். மீன் வெட்டிய விதத்திலேயே ஆள் தேர்ந்தவன் என்று ஜெயதீபனுக்குத் தெரிந்தது.

யோகா டின்னில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள். பதினைந்து நிமிடம் திறக்கவில்லை. பிரதீப்குமாரின் கை புளிக் கரைசலுக்குப் போனது.

"தம்பி, புளி விடாதேங்கோ."

ஜெயதீபன் இருமினான். போனைக் குப்புறக் கவிழ்த்தான். கவிழ்ந்த இடத்திலிருந்தும் குரல் வந்தது.

"பச்சை உடம்புக்காரி சாப்பிடப்போறா. உள்ளியை வெட்டாதேங்கோ, தட்டிப் போடுங்கோ. நெருப்புக் கூடிப்போச்சு, சத்தத்திலை தெரியுது."

"சரிங்கக்கா," என்றான் பிரதீப்குமார்.

கறி இறங்கியது. பரமேஸ்வரன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"எப்பிடி அண்ணை?"

"நல்லாயிருக்கு," என்றார், செத்த வீட்டில் பேசுகிறவர் மாதிரி.

ஜெயதீபன் போனை எடுத்துக்கொண்டு குப்பைத் தொட்டிப் பக்கம் போனான். "என்ன செய்தனீர் யோகா? அவன் பிழைவிட்டிருந்தால் நீர் வந்திருப்பீர்."

"எனக்கு வரவேணும்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அதுக்காக, பெத்துப்போட்டுக் கிடக்கிற பிள்ளைக்குப் புளியைக் குடுக்கிறதோ?"

அவன் உள்ளே போனபோது பிரதீப்குமார் ஏப்ரனை மடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இந்த வேலை வேணாமுங்க."

"ஏன் தம்பி? சம்பளம் கூட்டித் தரலாமே," என்றார் பரமேஸ்வரன். நல்ல சமையல்காரனைக் கண்ட முதலாளியின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. ஜெயதீபன் அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினார்.

"சம்பளம் இல்லீங்க. நான் என்ன வச்சாலும் அந்த அக்கா ருசியத்தானே கேப்பாங்க வர்றவங்க? ஒரு நாள் கத்துக்கலாம். தினமும் பேச்சு வாங்க முடியாது."

வேண்டாம் என்பதை அவன் கையாலேயே எழுதி வாங்கினார்கள். அன்று பரமேஸ்வரன் எல்லாருக்கும் பிளேன்ரீ இலவசமாகக் கொடுத்தார். நாலு கிழமை விளம்பரம் முடிந்தது. ராதா விண்ணப்பத்தை அனுப்பினார். யோகா ஹோட்டலில் மேலதிகாரியிடம் வேலையை விடப்போவதாக மெதுவாகச் சொல்லிவைத்தாள்.

மே மாத நடுவில் ஒரு காலை, பரமேஸ்வரன் மீன் சந்தைக்குப் போயிருந்த நேரம், கடைப் போன் அடித்தது. குடிவரவுத் திணைக்களம். அதிகாரி ஆங்கிலத்தில் பேச, இடையில் மொழிபெயர்க்கும் ஒரு பெண் குரல் செந்தமிழில் சொன்னது.

"உங்கள் உணவகத்தில் தற்போது யார் சமைக்கிறார் என்று அதிகாரி கேட்கிறார்."

ஜெயதீபன் திரும்பிப் பார்த்தான். அடுப்பில் நாற்பது பேருக்குக் கறி கொதித்தது. டின்னில் யோகா இருந்தாள்.

"தாங்கள் சமைக்கிறீர்களா?"

"இல்லை," என்றான். "நான் சட்டி கழுவுறனான்." அது பொய் இல்லை. அந்தச் சந்தோசத்தில் குரல் கொஞ்சம் துணிந்தது.

"அப்படியானால் யார்?"

"என்ர மனிசி யோகா. விண்ணப்பத்திலை பேர் இருக்கு."

கொஞ்சநேரம் அந்தப் பக்கம் ஆங்கிலம் ஓடியது. "அவர் இலங்கையில் அல்லவா இருக்கிறார்?"

"ஓம். வீடியோவிலை. அவ சொன்னால்தான் இஞ்சை உப்பே விழும்."

"எப்போதிலிருந்து?"

"மார்ச் ஏழாந் தேதி."

"ஒவ்வொரு நாளுமா?"

"திங்கள் கடை பூட்டு. மற்றும்படி ஒருநாளும் பிந்தினதில்லை. அங்கை கரண்ட் போனாலும் ரோச்லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா." மனைவியைப் பற்றி ஒரு அரசாங்கம் கேட்பது இதுதான் முதல் தடவை. அவனால் நிறுத்த முடியவில்லை. "அவவின்ர கறிக்குச் சனம் வரிசையிலை நிக்குது. பிள்ளை பெத்தவைக்குப் பால் சுரக்குது எண்டு வந்து சொல்லுகினம். அவ போன் நம்பர்கூடக் கேட்கினம்."

"மிகவும் நன்றி ஐயா. தேவையான தகவல் கிடைத்துவிட்டது."

பரமேஸ்வரன் மீனோடு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். "ஒரு பொய்யும் சொல்லேல்லை அண்ணை. நான் சமைக்கிறன் எண்டும் சொல்லேல்லை."

பரமேஸ்வரன் மீன் கையாலேயே அவன் தோளில் தட்டினார். "உன்னை இவ்வளவு காலமும் வெங்காயம் உரிக்க விட்டது என்ர பிழை."

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, கறி பாதிக் கொதியில் இருக்கும்போது, பரமேஸ்வரன் கல்லாவில் நின்று தன் போனைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து கணக்குக் கொப்பியை எடுத்து, ஜெயதீபனின் பெயர் எழுதிய ஒற்றையைக் கிழித்தார். நாலாக மடித்துக் குப்பைக்குள் போட்டார்.

"தம்பி, உன்ர கடன் முடிஞ்சுது. ஒரு சதமும் தரத் தேவையில்லை."

"என்ன அண்ணை சொல்லுறீங்கள்?"

"முடிஞ்சுது எண்டுறன்." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அவர் குளிர்அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தேசிக்காயைக்கூட எண்ணிக் கொடுக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் நாலாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து டொலரைக் கிழித்துப்போட்டு, கண் கலங்கி, குளிருக்குள் போய் நிற்கிறார் என்றால் அதற்கு ஒரேயொரு காரணம்தான் இருக்கமுடியும். ஜெயதீபன் கையைத் துடைத்துவிட்டுப் போனை டின்னிலிருந்து எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்தான்.

"யோகா, அண்ணை கடனைக் கிழிச்சுப்போட்டார்."

"ஏனாம்?"

"ஏனெண்டு கேட்கிறீரே. விசா வந்திட்டுது போல."

அவள் இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கை இப்ப குளிரோ?" என்று கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"குளிர்தான். நீர் ஒண்டும் வாங்கவேண்டாம். என்ர தடிச்ச ஜக்கெற் இருக்கு. எயார்போட்டுக்குக் கொண்டு வாறன்."

"எனக்குப் பெரிசாயிருக்குமே."

"இருக்கட்டும்."

"சின்ன அறை எண்டனீங்கள். ரெண்டு பேருக்குக் காணுமோ?"

"காணும். கட்டிலைச் சுவரோடை தள்ளிப்போட்டால் காணும். நான் அளந்து பார்த்திட்டன்."

"எப்ப அளந்தனீங்கள்?"

"போன வருசம்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று திரையில் தெரியவில்லை. "கறி அடிப்பிடிக்கப்போகுது," என்றாள். "கிளறுங்கோ."

அவன் ஒரு கையில் போனோடு கிளறினான்.

நிவேதிகா குசினி வாசலில் வந்து நின்றாள். ராதா அனுப்பிய குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் அவள் கையில் அச்சடித்து இருந்தது. போனில் தெரிந்த முகத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா உங்களுக்குச் சொல்லேல்லையா அங்கிள்?"

"சொன்னவர் பிள்ளை. கடனை விட்டிட்டார்."

"அவர் விடேல்லை அங்கிள், அது அன்ரிக்குச் சேரவேண்டிய பன்ரெண்டு கிழமைச் சம்பளம்," என்றாள் நிவேதிகா. "அன்ரி தன்ர வீட்டிலை இருந்தே இந்த வேலையை நல்லாச் செய்யிறா, அதுக்கு அவ இஞ்சை வரத் தேவையில்லை எண்டு எழுதியிருக்கினம்."